பிளேடால் சுரண்டிய இடம்

மிருதுளா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின்
தலைவருக்கு இன்று எழுபது வயது.
ரோஜா மாலைக்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய்.
பாராட்டு மடல் மட்டும் என் தலையில் விழுந்தது,
என் கையெழுத்து அச்சுப்போல இருக்குமென்று.

சார்ட் அட்டையில் ஒரு வரி போட்டேன்:
மக்கள் தொண்டர் திரு. கோ. எத்திராஜுலு அவர்களுக்கு.
அதற்குமேல் பேனா நகரவில்லை.

எண்பத்தாறில் அவர் கவுன்சிலர்.
பல்பு எரியாத கம்பத்துக்குத் தானே ஏணி சுமந்துவருவார்.
சத்துவாச்சாரியில் தண்ணீர் லாரி
எந்தத் தெருவில் முதலில் நிற்பதென்று
குடங்களை எண்ணி முடிவுசெய்தார்,
சாதியை எண்ணாமல்.
இதை எழுதலாம்.
கான்ட்ராக்டர் கொடுத்தனுப்பிய தீபாவளிப் பெட்டியைப்
பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.
அடுத்த வருஷம் பெட்டி திரும்பவில்லை.
இதுவும் நடந்ததுதான்.

பதவி முடிந்தபோது அவர் கையில் மிச்சமிருந்தது
ஊரின் ஒவ்வொரு சர்வே நம்பரும்.
மலையடியில் மல்லாட்டை விளைந்த பதினோரு ஏக்கரை
முன்பணத்திலேயே வளைத்தார்.

ஆபீசர்ஸ் லைனில் மாடியறை, அமோனியா நெடி.
டிரேசிங் தாளில் நான் மனை பிரித்தேன்.
முப்பதுக்கு நாற்பது, முப்பதுக்கு நாற்பது,
மூலை கோணலாக வந்தால் பூங்கா.
நடுவே, மலையில் இறங்கிப்
பாலாற்றைத் தேடிப் போகும் ஓடையை
நீல மையில் வரைந்திருந்தேன்.
அப்போது அதில் எருக்கு முளைத்திருந்தது,
பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள்.
அவர் தாள்மேல் குனிந்தார்.
"இன்னாய்யா, இதுல தண்ணி வந்து எத்தினி வருஷம் ஆவுது?"

டிரேசிங் தாளில் ரப்பர் வேலைக்காகாது.
பாதி பிளேடு வேண்டும்.
மூச்சை அடக்கி, ஒரே திசையில்,
தாள் கிழியாமல் சுரண்ட வேண்டும்.
எனக்கு அது நன்றாக வரும்.

ஓடை போய் ஏழு மனைகள் வந்தன,
நாற்பத்தொன்று முதல் நாற்பத்தேழு வரை.
ஒரு நர்ஸ், ஒரு கண்டக்டர், தோல் ஷாப்பு சூப்பர்வைசர்,
பட்டாளத்திலிருந்து திரும்பிய இரண்டு பேர்.
நாற்பத்துநான்கு எனக்கு,
பாதி விலைக்கு, தவணையில்.

விற்றவன் விலாசம் மாறிப்போவான், அதுதான் வழக்கம்.
இவர் நாற்பத்தேழில் வீடு கட்டிக் குடிவந்தார்.
பஸ் நிறுத்தம் வந்தது இவரால்.
சுடுகாட்டுக்குக் கூரை வந்ததும்
கலெக்டர் ஆபீஸ் வாசலில் இவர் தேய்த்த செருப்பால்.

பிறகு அந்த நவம்பர்.
இரவு இரண்டு மணிக்கு ஓடை வந்தது.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று,
தபால்காரர்போல வரிசை தப்பாமல்.
என் வீட்டில் ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டு மிதந்தது.
இடுப்பளவு தண்ணீரில் டார்ச்சோடு நின்றவர்
என்னைப் பார்த்து ஒன்றே சொன்னார்:
"அதுக்கு மேப்பு தேவப்படல பாத்தியா."

வடிகால் கேட்டு மாநகராட்சிக்கு மனு.
பழைய வரைபடம் கொண்டுவரச் சொன்னார் இன்ஜினியர்.
என் பரணிலிருந்து எடுத்துக்
குழல்விளக்கில் பிடித்தோம்.
சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து
வெளிச்சம் ஓடியது, மலையிலிருந்து ஆறுவரை.
அவர் என் பேனாவை வாங்கி
ஓரத்தில் எழுதினார்: இங்கே ஓடை இருந்தது.
கையெழுத்து, தேதி.
மறுவாரம் சொந்தக் காசில் ஜேசிபி வைத்துத்
தன் வீட்டுப் பின்பக்கம் ஆறடி இடித்தார்.

கால்வாயைத் தாழ்விலிருந்து மேலேதான் தோண்டவேண்டும்.
நாற்பத்தேழு தந்தது. நாற்பத்தாறும்.
நாற்பத்தைந்து முனகிக்கொண்டே தந்தது.
மூன்று வருஷமாகக் கால்வாய்
என் சுவரில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.
என் ஆறடி, வரைபலகை போட்டிருக்கும் அறை.
சம்மதப் படிவம் இந்த அட்டைக்கு அடியில்தான் இருக்கிறது.

ஒருமுறைகூட அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்,
மறுக்க என்னிடம் காரணங்களும் இருந்தன.

மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு எண்ணுகிறார்கள்.
ஆறு மணிக்கு விழா.
சார்ட் அட்டையில் பிளேடு ஓடாது, பொத்தல் விழும்.
எழுதுமுன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது.